மோட்டாரை விடுங்கள், பிரேக்கைச் சொல்லுங்கள்

வாசகர் கேள்வி – பதில்

பிள்ளைகளையும் வீட்டுச் சாமான்களையும் சேர்த்து ஏற்றிப்போகிற மாதிரி நீளமாகக் கட்டிய எலெக்ட்ரிக் சைக்கிள் பற்றிப் போன மாதம் இந்தப் பக்கத்தில் நாலு வரி எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை காரைக்குடிச் சுற்றுவட்டாரத்திலிருந்துதான். ஆகவே இந்த மாதம் வேறு எதுவும் இல்லை, முழுக்க அதுவே.

கோட்டையூர் வாசகி ஒருவர்: என் கணவர் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறார். பெரியவளுக்கு ஏழு வயது, சின்னவனுக்கு நாலு. இருவரையும் காரைக்குடியில் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு வரும்போது காய்கறி, மளிகை, சில நாள் அரிசி மூட்டையும் வாங்கி வரவேண்டும். இப்போது ஸ்கூட்டரில் சின்னவன் முன்னால் நின்றுகொண்டு வருகிறான், அதைப் பார்த்து அவன் அப்பத்தாவுக்குத் தினமும் படபடப்பு. ஹாலந்தில் பிள்ளைகளை முன்பக்கம் ஒரு பெட்டியில் உட்காரவைத்து ஓட்டுகிறார்களே, அதுபோல இங்கே ஒரு பட்டறையில் சொல்லிச் செய்துகொள்ளலாமா?

செய்துகொள்ளலாம். ஆனால் அந்தப் பெட்டி சைக்கிள் உங்களுக்கு வேண்டாம்.

அதில் பெட்டிக்கும் முன்னால் தள்ளி முன்சக்கரம் இருக்கும். ஹேண்டில்பாருக்கும் சக்கரத்துக்கும் நடுவே ஒரு நீளக் கம்பி ஓடும், நீங்கள் திருப்பினால் அந்தக் கம்பிதான் சக்கரத்தைத் திருப்பவேண்டும். அதன் மூட்டுகளில் கொஞ்சம் ஆட்டம் விழுந்தாலும் வண்டி உங்கள் பேச்சைக் கேட்காது. தொழிற்சாலையில் அளவு பார்த்துச் செய்கிறவர்களுக்கு அது பெரிய விஷயமில்லை, முதல் தடவையாகச் செய்கிற பட்டறைக்குப் பெரிய விஷயம். தவிர, வண்டி எட்டடிக்கும் மேல் நீளம் வரும், கடைத்தெருவில் திருப்பிப் பாருங்கள் தெரியும். எடை தரையை ஒட்டி இருப்பதால் கைக்குழந்தைகளுக்கு அதுபோல வசதியான வண்டி கிடையாது என்பதும் உண்மைதான், ஆனால் உங்கள் பெரியவளுக்கு இன்னும் இரண்டு வருஷத்தில் அந்தப் பெட்டியில் கால் மடக்க இடம் இருக்காது.

உங்களுக்குச் சரியானது பின்பக்கம் நீட்டிய வகை. சாதாரண சைக்கிள்தான், பின்சக்கரத்தை மட்டும் ஓர் அடி, ஒன்றரை அடி பின்னால் தள்ளி, அந்த இடத்தில் நீளமான உறுதியான கேரியர் வைத்திருப்பார்கள். 1998 வாக்கில் அமெரிக்காவில் எக்ஸ்ட்ராசைக்கிள் என்ற நிறுவனம், இருக்கிற சைக்கிளோடு மாட்டிக்கொள்ளும் நீட்டுச் சட்டமாக இதை விற்க ஆரம்பித்து, அப்புறம் பலரும் முழு வண்டியாகவே செய்தார்கள். ஓட்டும்போது சைக்கிள் ஓட்டுகிற மாதிரியே இருக்கும், புதிதாகப் பழக அதிகம் இல்லை. பின்சக்கரம் 20 இஞ்ச் வையுங்கள். சின்னச் சக்கரம் என்றால் பிள்ளைகள் உட்காரும் உயரம் இறங்கும், வண்டி சுலபத்தில் கவிழாது, சக்கரமும் பாரத்துக்கு நன்றாகத் தாங்கும்.

சின்னவனை உங்கள் முதுகை ஒட்டி பெல்ட் உள்ள சீட்டில் உட்காரவையுங்கள், பெரியவள் அவனுக்குப் பின்னால், சுற்றிலும் பிடித்துக்கொள்ளக் கம்பி. கால் வைக்க இரண்டு பக்கமும் பலகை வேண்டும். சக்கரத்தின் பக்கவாட்டை முழுக்க மூடச் சொல்லுங்கள், பாதி கீதி எல்லாம் வேண்டாம். மோட்டார் சைக்கிளுக்கே பின்சக்கரத்தில் பாதிக்குக் குறையாமல் மறைப்பு இருக்கவேண்டும் என்று சட்டத்தில் இருக்கிறது, சேலை சிக்காமல் இருக்க. பிள்ளையின் பாதம் சேலையைவிடச் சுலபமாகப் போக்ஸ் கம்பிக்குள் போகும். அப்புறம் ஸ்டாண்டு. பிள்ளைகள் ஏறுவதும் இறங்குவதும் வண்டி நிற்கும்போதுதான், ஆகவே ஒற்றைக்கால் ஸ்டாண்டு உதவாது. நன்றாக அகன்ற இரட்டைக்கால் ஸ்டாண்டு வைத்து, இரண்டு பேரும் மேலே குதித்தாலும் வண்டி அசையவில்லை என்று பட்டறையிலேயே பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.

அரிசி மூட்டையை மேலே கட்டாதீர்கள். 25 கிலோவை இரண்டாகப் பிரித்து, சக்கரத்துக்கு இரண்டு பக்கமும் தொங்கும் பைகளில் கீழே வையுங்கள். வீட்டுக்குத் திரும்பி வரும்போதுதான் பிள்ளைகள் இல்லையே, அதனால் சுமை ஒன்றும் கூடிவிடாது.

பட்டறைக்காரர் மோட்டாரைப் பற்றி அரைமணி நேரம் பேசுவார். நீங்கள் முதலில் பிரேக்கைக் கேளுங்கள். சாதாரண சைக்கிளில் ஆளும் வண்டியுமாக 80 கிலோ ஓடுகிறது என்றால் உங்கள் வண்டியில் 150 வரும். அதே வேகத்தில் நிறுத்துவதற்குக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு சக்தியை பிரேக் தின்றாகவேண்டும். ரிம்மைப் பிடிக்கிற கட்டை பிரேக், மழையில் நனைந்த ரிம்மில், இந்த எடைக்கு நிற்காது. இரண்டு சக்கரத்திலும் டிஸ்க், முடிந்தால் ஆயில் டிஸ்க், தட்டு 180 மில்லிமீட்டர். பிரேக்கைத் தொட்டவுடன் மோட்டார் தானாக நின்றுவிடுகிற லிவர் கட்டாயம்.

பேட்டரி 48 வோல்ட், 15 ஆம்பியர்-அவர் எடுத்தால் 720 வாட்-அவர் ஆகும். சுமையோடு கிலோமீட்டருக்கு 12 முதல் 18 வாட்-அவர் வரை செலவாகும் என்று வையுங்கள், குறைந்தது 40 கிலோமீட்டர் வரும். காலையும் மாலையும் காரைக்குடி போய்வர அது தாராளம். ஒருமுறை முழுக்கச் சார்ஜ் ஏற ஒரு யூனிட்கூட ஆகாது.

பிள்ளைகளுக்கு ஹெல்மெட் வாங்குங்கள். மோட்டார் சைக்கிளில் 9 மாதம் முதல் 4 வயது வரையுள்ள பிள்ளைக்கு ஹெல்மெட்டும் உடலைக் கட்டும் பட்டையும் வேண்டும் என்று 2022இல் விதி வந்துவிட்டது. சைக்கிளுக்கு அது பொருந்தாது, தலைக்குப் பொருந்தும். ஒன்று மட்டும் யோசித்துக்கொள்ளுங்கள்: இந்த வண்டி 25 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் போகாது. பஸ்ஸும் லாரியும் பறக்கிற மெயின் ரோட்டைத் தவிர உங்களுக்கு வேறு வழி இல்லையென்றால், உள்தெருக்கள் வழியாகக் கொஞ்சம் சுற்றிப் போகும் பாதை ஒன்றை முதலில் கண்டுபிடியுங்கள், அப்புறம் பட்டறைக்கு முன்பணம் கொடுங்கள்.

தேவகோட்டை வாசகர்: கடைக்காரர் 1000 வாட்ஸ் மோட்டார் கிட் காட்டுகிறார். 'சைக்கிள்தானே சார், லைசென்ஸ், ஆர்.சி. ஒன்றும் வேண்டாம், குடும்பத்தையே இழுக்கணும்னா இதுதான் சரி' என்கிறார். வாங்கலாமா?

அவர் சொன்னதில் 'சைக்கிள்தானே' என்பதே தவறு. மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி, மோட்டார் அரைமணி நேரம் தொடர்ந்து கொடுக்கக்கூடிய திறன் 250 வாட்ஸுக்குள் இருக்கவேண்டும், வேகம் கூடக்கூட மோட்டாரின் உதவி குறைந்து 25 கிலோமீட்டரில் அறவே நின்றுவிடவேண்டும், நீங்கள் மிதிப்பதை நிறுத்தினாலும் அது நிற்கவேண்டும். சரியான பிரேக்கும், முன்னால் வெள்ளை, பின்னால் சிவப்புப் பிரதிபலிப்பானும் இருக்கவேண்டும். இவற்றையெல்லாம் அங்கீகாரம் பெற்ற சோதனை நிறுவனம் பார்த்துச் சான்று கொடுத்திருந்தால்தான் அது மோட்டார் வாகனம் இல்லை என்று கணக்கு. ஆகவே 1000 வாட்ஸ் மாட்டிய நிமிஷமே உங்கள் சைக்கிள் பதிவு இல்லாத, இன்சூரன்ஸ் இல்லாத மோட்டார் வண்டி. யாரும் பிடிக்கமாட்டார்கள் என்று கடைக்காரர் சொல்லுவார். ஒருவர் மேல் மோதி வழக்கு வந்தால் கடைக்காரர் வரமாட்டார். கிட் வாங்குவதாக இருந்தாலும் சான்றிதழைக் கேட்டு வாங்குங்கள்.

சரி, 250 வாட்ஸ் இழுக்குமா? கணக்குப் போட்டே பார்க்கலாம். எல்லாம் சேர்த்து 160 கிலோ, சமதரை, 20 கிலோமீட்டர் வேகம். டயர் உராய்வுக்கு 90 வாட்ஸ் அளவில் போகும், காற்றைக் கிழிக்க 70. ஆக மொத்தம் 160தான். ரயில்வே மேம்பாலம் ஏறுகிறீர்கள், நூற்றுக்கு நாலு ஏற்றம் என்றால் வேகத்தைப் பத்துக்கு இறக்கிக்கொண்டால் 230 அளவில் போதும், அதிலும் உங்கள் கால் தரும் 70, 80 வாட்ஸைக் கழித்துக்கொள்ளலாம். நம்ம பக்கம் பூமி பெரும்பாலும் தட்டை. இது ஊட்டி இல்லை. அங்கே இருப்பவர் கேட்டால், பெடல் அச்சோடு சேர்ந்து கியர் வழியாக இழுக்கும் நடு மோட்டார் வாங்கச் சொல்லுவேன், விலையும் கூடுதல், செயினும் சீக்கிரம் தேயும். உங்களுக்குப் பின்சக்கரத்துக்குள்ளேயே இருக்கும் கியர் வைத்த ஹப் மோட்டார் போதும், மிச்சப் பணத்தில் நல்ல பிரேக் வாங்குங்கள்.

கானாடுகாத்தானிலிருந்து ஓர் ஆச்சி: மகன் பேரப்பிள்ளைகளோடு ஊருக்கே வந்துவிட்டான். இந்த மாதிரி வண்டி செய்யவேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறான். எங்கள் வீட்டுக்குத் தெருவிலிருந்து ஏழெட்டுப் படி ஏறவேண்டும். வண்டியை எங்கே வைப்பது? தரையில் பதித்த ஆத்தங்குடிக் கல் கெட்டுப்போகுமா?

ஆச்சி, இந்தக் கேள்வியைத்தான் எல்லோரும் முதலில் கேட்டிருக்கவேண்டும், நீங்கள் ஒருவர்தான் கேட்டிருக்கிறீர்கள். இந்த வண்டி வெறும் எடையே 35, 40 கிலோ வரும். முகப்புப் படியில் ஏற்றுவது நடக்காத காரியம், பலகை போட்டுத் தள்ளினாலும் ஐந்தடி உயரத்துக்கு அந்தச் சரிவு ஆபத்து. ஆனால் உங்கள் ஊர் வீடுகளில் ஒரு வசதி இருக்கிறதே, ஒரு தெருவில் முகப்பு இருந்தால் அடுத்த தெருவில் பின்கட்டு முடியும். பின்வாசலில் பெரும்பாலும் படி குறைவு. அங்கே கொட்டகையோ, மாட்டுத்தொழுவம் இருந்த இடமோ இருந்தால் அதுதான் வண்டியின் இடம். வாசலின் அகலத்தை அளந்து மகனிடம் கொடுங்கள், ஹேண்டில்பார் அதற்குள் அடங்கவேண்டும்.

ஆத்தங்குடிக் கல்லின் மேல் வண்டியை நிறுத்த விடாதீர்கள். டயர் ஒரே இடத்தில் நின்றால் கறுப்புத் தடம் விழும், அது சிமெண்ட் கல், கறையை உறிஞ்சிக்கொள்ளும். ஸ்டாண்டின் கால் ஒரு புள்ளியில் எடையை இறக்குவதால் கல் விரிசல் விடலாம். மழை நாளில் ஈர டயரோடு அதன்மேல் ஏறினால் வழுக்கும், கல்லுக்கு முன்னால் உங்கள் இடுப்பு உடையும்.

கழற்றி எடுக்கிற பேட்டரியாக வாங்கச் சொல்லுங்கள். கையில் தூக்குகிற எடைதான், உள்ளே கொண்டுவந்து சார்ஜ் போடலாம். சார்ஜர் ஒரு பழைய டி.வி. அளவுக்குத்தான் கரண்ட் எடுக்கும், பழைய வயரிங் அதைத் தாங்கும். பிளக் உட்காரும் இடம் லூசாக இருக்கக்கூடாது, எர்த் இருக்கவேண்டும், அவ்வளவுதான். வளவில் பர்மாத் தேக்குத் தூணுக்குப் பக்கத்திலோ, பாய் தலையணை அடுக்கிய அறையிலோ வேண்டாம். சுவரோரம் வெறும் தரையில், ஆள் விழித்திருக்கும் நேரத்தில் போடட்டும்.

பள்ளத்தூர் வாசகர், ஓய்வுபெற்ற ஆசிரியர்: எனக்கு 68 வயது, முழங்கால் வலி. மனைவியைப் பின்னால் உட்காரவைத்து குன்றக்குடிக்கும் பிள்ளையார்பட்டிக்கும் போய்வர ஆசை. மூன்று சக்கரம் என்றால் விழாது அல்லவா?

ஐயா, நிற்கும்போது விழாது. திரும்பும்போது விழும். இரண்டு சக்கர சைக்கிள் திருப்பத்தில் தானாக உள்பக்கம் சாய்ந்து கொடுக்கும், மூன்று சக்கரம் சாயாது, ஆகவே வேகமாகத் திருப்பினால் உள்பக்கச் சக்கரம் தரையைவிட்டு எழும்பும். சாலையோரம் சரிவாக இருந்தால் நேராகப் போகும்போதே வண்டி ஒரு பக்கம் இழுக்கும். டென்மார்க்கில் 1984இல் கிறிஸ்டியானியா என்ற குடியிருப்பில் பிறந்த முன்பெட்டி மூன்று சக்கர வண்டிதான் இன்றைய குடும்ப வண்டிகளில் மூத்தவற்றில் ஒன்று, அதையே அங்கே திருப்பத்தில் மெதுவாகத்தான் ஓட்டுகிறார்கள். நம்ம சென்னை மீன்பாடி வண்டிக்காரர்களுக்கு இதை யாரும் சொல்லித்தரவேண்டியதில்லை.

உள்ளூருக்குள் கடை, பால், கோயில் என்று 12, 15 கிலோமீட்டர் வேகத்தில் போவதாக இருந்தால் மூன்று சக்கரமே செய்யுங்கள், அம்மா உட்காரும் இடம் தாழ்வாக, இரண்டு சக்கரத்துக்கும் நடுவில் இருக்கட்டும். குன்றக்குடிக்குப் பஸ்ஸில் போங்கள்.

காரைக்குடி வாசகர்: பேட்டரியில் எது நல்லது? தெரிந்த ஒருவர் பழைய லேப்டாப் பேட்டரிகளைப் பிரித்துப் பாதி விலையில் கட்டித்தருகிறேன் என்கிறார்.

அவர் வேண்டாம். எத்தனையோ கைமாறிய செல்களில் ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு வயது, ஒரு செல் சோர்ந்தால் மற்றவை அதைப் போட்டு அழுத்தும். பிள்ளைகள் அதற்கு மேலேதான் உட்காரப்போகிறார்கள்.

லித்தியத்தில் உங்கள் முன்னால் இரண்டு சாதி. என்.எம்.சி. எடை குறைவு, சின்னதாக அடங்கும். எல்.எஃப்.பி. கொஞ்சம் கனம், ஆனால் சூட்டைத் தாங்கும், அவ்வளவு சீக்கிரம் பற்றிக்கொள்ளாது, 2000 முறை போலச் சார்ஜ் ஏறி இறங்கும், என்.எம்.சி.யில் அதில் பாதி வந்தாலே நல்லது. சித்திரை வெயிலில் 40 டிகிரியைத் தொடும் ஊரில், கொஞ்சம் எடை கூடுகிறதே என்று யோசிக்காமல் எல்.எஃப்.பி. எடுங்கள்.

சார்ஜரை மட்டும் மாற்றிப் போட்டுவிடாதீர்கள். இரண்டையும் '48 வோல்ட்' என்றுதான் விற்பார்கள், ஆனால் 13 செல் வரிசை என்.எம்.சி. 54.6 வோல்ட்டில் நிறையும், 16 செல் வரிசை எல்.எஃப்.பி. 58.4இல். எல்.எஃப்.பி. சார்ஜரை என்.எம்.சி.யில் செருகினால் ஆபத்துக்கும் உங்களுக்கும் நடுவில் நிற்பது, உள்ளே செல்களைக் காவல் காக்கும் பி.எம்.எஸ். என்ற சின்ன மின்பலகை ஒன்றுதான். சார்ஜர் மேல் பெயிண்ட்டால் எழுதி வையுங்கள். வெயிலில் ஓட்டி வந்தவுடன் சார்ஜ் போடாமல் சூடு ஆறவிட்டுப் போடுங்கள், ஊருக்குப் போகிறீர்கள் என்றால் முழுக்க நிரப்பிவைத்துவிட்டுப் போகாமல் பாதியில் விட்டுப் போங்கள்.

அழகப்பச் செட்டியார் நிலமும் பணமும் கொடுத்து, 1948இல் நேரு அடிக்கல் நாட்டி, 1953இல் திறக்கப்பட்ட சிக்ரி என்ற மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் உங்கள் ஊரில்தான் இருக்கிறது, லித்தியம் பேட்டரியை ஆராய்கிறவர்கள் பக்கத்துத் தெருவிலேயே குடியிருக்கலாம். டீக்கடையில் பார்த்தால் பேச்சுக் கொடுங்கள். பழுதான பேட்டரியைத் தூக்கிக்கொண்டு வாசலில் போய் நிற்காதீர்கள், அது ரிப்பேர் கடை இல்லை.

கல்லல் வாசகி: வெளிநாட்டு வண்டிகளில் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் கூடாரம் இருக்கிறது. நாமும் போடலாமா?

குளிர்நாட்டுக்காரர்கள் பிள்ளைகளுக்குக் கதகதப்பு வேண்டிப் போடுகிறார்கள். இங்கே போட்டால் பிள்ளை வெந்துவிடும். தலைக்கு மேல் கித்தான், பக்கமெல்லாம் திறப்பு, போதும். ஐப்பசி மழைக்கு மழைக்கோட்டு.

புதுவயல் வாசகர்: ஸ்கூட்டர் இருக்கும்போது இதற்கு ஏன் இவ்வளவு மெனக்கெடல்?

ஸ்கூட்டர் நன்றாக ஓடுகிறது, ஏறுவது இரண்டே பேர் என்றால் மெனக்கெடாதீர்கள். லைசென்ஸ் இல்லாத வீட்டுப் பெண்கள், மூன்றாவது ஆள், தினமும் ஏழெட்டு கிலோமீட்டருக்குள் வேலை, இதில் இரண்டு பொருந்தினால் யோசியுங்கள்.

காரைக்குடியில் வெல்டிங் பட்டறை வைத்திருப்பவர்: இரண்டு பேர் வந்து கேட்டுவிட்டார்கள். கேட், கிரில் செய்கிற எனக்கு இது முடியுமா? எந்தக் குழாய் போடுவது?

முடியும். கேட் ஆடாமல் நிற்கிறது, இது ஆடிக்கொண்டே ஓடும், வித்தியாசம் அதில்தான் இருக்கிறது.

அலுமினிய ஃபிரேமைத் தொடாதீர்கள். வெல்டிங் சூட்டில் அதன் உறுதி போய்விடும், திரும்பக் கொண்டுவரும் உலை நம்மிடம் இல்லை. பழைய பால்காரர் சைக்கிள் மாதிரி இரும்பு ஃபிரேமாக எடுங்கள். நீட்டும் பகுதிக்குச் சுவர் கனம் 1.6 முதல் 2 மில்லிமீட்டர் வரையுள்ள எம்.எஸ். என்கிற சாதாரண இரும்புக் குழாய் போதும். இன்னும் கனமாகப் போட்டால் எடைதான் ஏறும். நீட்டிய வண்டிக்கு முறுக்கு ஒரு பெரிய எதிரி: பின்னால் பிள்ளை ஒரு பக்கம் சாய்ந்தால் முன்னால் ஹேண்டில் நடுங்கும். அதைக் கனம் தடுக்காது, முக்கோணம் தடுக்கும். பக்கவாட்டில் மட்டும் இல்லாமல், மேலிருந்து பார்த்தாலும் குறுக்குக் கம்பி தெரியவேண்டும். வெல்டு வைக்கும் முன் ஃபிரேமை ஒரு சமதள இரும்பு மேசையில் இறுக்கிக் கட்டுங்கள், இரண்டு சக்கரமும் ஒரே கோட்டில் நூல் பிடித்துப் பார்க்காமல் முழுப் பற்றவைப்பு வேண்டாம்.

பின்சக்கரத்துக்கு 36 ஓட்டை ரிம், தடித்த 12 கேஜ் போக்ஸ். ஹப் மோட்டார் இழுக்கும்போது அதன் அச்சு பின்பக்கமாகச் சுழலப் பார்க்கும், நட்டு மட்டும் அதைப் பிடிக்காது, அச்சில் மாட்டி ஃபிரேமோடு கட்டும் டார்க் ஆர்ம் இரண்டு பக்கமும் போடுங்கள். முன்சக்கரத்தில் மோட்டார் கேட்டால், அதுவும் அலுமினிய ஷாக் ஃபோர்க் என்றால், முடியாது என்று சொல்லிவிடுங்கள். அச்சு பிளவிலிருந்து கழன்றுவந்தால் ஓட்டுகிறவர் முகம்தான் முதலில் தரையில். வயர் பெட்டிக்குள் போகும் இடத்தில் நேரே இறக்காமல், ஒரு வளைவு கீழே தொங்கிவிட்டு மேலேறிப் போகட்டும், மழைத்தண்ணீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும்.

செயின் இரண்டு வாங்கி ஒட்டவேண்டிவரும், ஒரே கம்பெனி, ஒரே அளவு. முடித்தபின் உடனே பெயிண்ட் அடிக்காமல், முதலில் மெல்லிய வெள்ளை பிரைமர் மட்டும் அடித்து, மணல் மூட்டைகளாக 120 கிலோ ஏற்றி, நீங்களே ஒரு வாரம் குண்டும் குழியுமான ரோட்டில் ஓட்டுங்கள். வெல்டு ஓரத்தில் மயிரிழை விரிசல் விட்டால் வெள்ளையில் பளிச்சென்று தெரியும். அந்த ஒரு வாரத்தில் போக்ஸ் தளர்ந்திருக்கும், எல்லாவற்றையும் மறுபடி முறுக்குங்கள். அதற்கப்புறம்தான் பெயிண்ட், அதற்கப்புறம்தான் பாக்கிப் பணம்.